பேரிஷ்: ஒரு சொல்லின் நீண்ட பயணம்



இந்த மலரின் அட்டையில் நம் கோயிலின் பெயருக்குக் கீழே ஓர் ஆங்கிலச் சொல் அச்சாகியிருக்கிறது. ஞானஸ்நானச் சான்றிதழின் தலைப்பிலும், ரசீதுப் புத்தகத்திலும், வாசல் பெயர்ப்பலகையிலும் அதே சொல்தான்: பேரிஷ். தமிழில் அதைப் பங்கு என்கிறோம். இரண்டும் ஒரே பொருள் தருபவை என்ற நினைப்பில் ஜூபிலி வேலைகளுக்கு நடுவே நாளொன்றுக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டும் இருக்கிறோம். பெரிய ஆங்கில அகராதி ஒன்றை எடுத்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. கோயிலோடு சேர்ந்த பகுதி என்பது முதல் பொருள். அதற்குக் கீழே ஊராட்சி என்று இருக்கும். அமெரிக்காவின் ஒரு மாநிலத்தில் மாவட்டம் என்று இருக்கும். ஏழைகளுக்குப் படியளந்த நிர்வாகம் என்று இருக்கும். அதிலிருந்து பிறந்த உரிச்சொல்லான பரோக்கியல் என்பதற்கோ, பங்குக்கு உரியது என்ற பொருளோடு, கிணற்றுத் தவளையைப் போன்ற குறுகிய மனம் என்ற பொருளும் உண்டு. (பேரிஷ் பிரீஸ்ட் என்பதில் ஓர் எழுத்தை மாற்றி, அழிந்துபோகும் குரு என்று பொருள்படும்படி முகவரி எழுதும் அன்பர்களும் உண்டு. அதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.)

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் ஏன் வந்தது என்று தேடினால் அது நம்மைக் கிரேக்க மொழிக்கு அழைத்துச் செல்கிறது. பாரா என்றால் பக்கத்தில். ஓய்கோஸ் என்றால் வீடு. பக்கத்தில் குடியிருப்பவன் பாரோய்கோஸ். கேட்பதற்கு அண்டை வீட்டுக்காரன் என்று தோன்றும். ஆனால் வழக்கில் அது வேறு ஊரிலிருந்து வந்து தங்கியவனைக் குறித்தது. ஊருக்குள் வீடு இருக்கும், வேலை இருக்கும். ஊருக்கு உரிய உரிமைகள் அவனுக்கு இராது. நிலத்தில் பாத்தியதை இராது. அப்படித் தங்கியிருக்கும் நிலைதான் பாரோய்கியா. அதாவது நம்முடைய பேரிஷ்.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இச்சொல்லைத் தாராளமாகக் கையாண்டார்கள். சாராளை அடக்கம் செய்ய ஆறடி நிலம் கேட்டு ஏத்தின் மக்கள்முன் நிற்கும் ஆபிரகாம் தன்னை இச்சொல்லால்தான் அறிமுகம் செய்துகொள்கிறார். அந்த நாடு முழுவதும் அவருக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. கையில் ஒரு கல்லறைக்கு இடமில்லை. அப்போஸ்தலர் பணி நூலின் ஏழாம் அதிகாரத்தில் புனித முடியப்பர், மதியான் நாட்டில் மோயீசன் இருந்த நிலையையும் இதே சொல்லால் கூறுகிறார். புனித இராயப்பரின் முதல் கடிதம் கிறிஸ்தவர்களின் இவ்வுலக வாழ்வு முழுவதையும் பாரோய்கியா என்று அழைக்கிறது. ஏறத்தாழ கி.பி. 96-ல் உரோமையிலிருந்து கொரிந்துக்கு எழுதப்பட்ட புனித கிளமெந்தின் கடிதத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். உரோமையில் அந்நியராய்த் தங்கியிருக்கும் திருச்சபை, கொரிந்தில் அந்நியராய்த் தங்கியிருக்கும் திருச்சபைக்கு எழுதுவதாகவே அது தொடங்குகிறது. தலைநகரிலேயே இருந்துகொண்டு தங்களை வெளியூர்க்காரர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள்.

இப்போது நம் தமிழ்ச் சொல்லை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பங்கு என்றால் பாகம். பங்கு உள்ளவன் பங்காளி. அப்பன் பாட்டன் சொத்தில் உரிமை உள்ளவன். (பங்காளி என்றதும் சண்டையும் கூடவே நினைவுக்கு வரும். எந்தப் பங்கில்தான் அது இல்லை?) கிரேக்கச் சொல்லோ பங்கே இல்லாதவனின் பெயர். மூலச் சொல்லுக்கு நேர் எதிரான ஒன்றை நம் முன்னோர் மொழிபெயர்ப்பாகத் தேர்ந்திருக்கிறார்கள்! தவறாகச் செய்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் புனித சின்னப்பர், நீங்கள் இனி பாரோய்கோஸ் அல்ல, இறைவனின் வீட்டைச் சேர்ந்தவர்கள் என்னும் கருத்தைச் சொல்கிறார். கிரேக்கச் சொல் பயணம் தொடங்கிய இடம். தமிழ்ச் சொல் சின்னப்பர் காட்டுகிற முடிவிடம். நம் நாட்டில் வேறு பெயர்களும் இருந்தன. விசாரணை என்றும், அதைக் கவனிப்பவரை விசாரணைக் குரு என்றும் சொல்வது பழைய வழக்கு. மக்களை விசாரித்துப் பார்த்துக்கொள்ளுதல் என்ற பொருளில் அதுவும் நல்ல சொல்தான். இன்று போலீஸ் நிலையம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்துச் சீர்திருத்த சபையார் சேகரம் என்பார்கள்.

கிரேக்கச் சொல் லத்தீனுக்குப் போனபோது எழுத்து சற்று மாறி பரோக்கியா ஆயிற்று. பரோக்குஸ் என்று இன்னொரு சொல் அங்கே ஏற்கெனவே இருந்தது. அரசாங்கப் பயணமாகச் செல்லும் அதிகாரிகளுக்கு வழியில் வேண்டியதைக் கொடுக்கும் ஊர்க்காரருக்கு அந்தப் பெயர். அவர் கொடுக்க வேண்டியவை விறகும் உப்பும் என்று ஹொராஸ் என்ற கவிஞர் தம் பயணக் கவிதையில் குறிக்கிறார். இந்தச் சொல்லோடு கலந்துதான் பரோக்கியா என்ற உருவம் பிறந்தது என்பது மொழிநூலார் கருத்து. பங்குக் குருவுக்குத் திருச்சபைச் சட்டத்தின் லத்தீன் பெயர் இன்றும் பரோக்குஸ்தான். வழிப்போக்கருக்கு விறகும் உப்பும் எடுத்து வைக்கிறவர் என்று யாராவது என்னை அழைத்தால் நான் மறுக்கமாட்டேன்.

முதல் நூற்றாண்டுகளில் பரோக்கியா என்றால் ஆயரின் ஆளுகை முழுவதும். இன்று நாம் மறைமாவட்டம் என்பது அது. தியோசேசிஸ் என்பது உரோமைப் பேரரசின் வருவாய்ப் பிரிவுக்குப் பெயராய் இருந்தது. நாளடைவில் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. மாற்றம் மெதுவாகவே நடந்தது. இங்கிலாந்தில் பேராயர் தெயோதோர் ஹெர்ட்பர்டில் கூட்டிய சங்கம் 673-ல் நடந்ததாகப் புனித பீட் எழுதுகிறார். அதில், ஓர் ஆயர் மற்றவரின் பரோக்கியாவுக்குள் தலையிடலாகாது என்று விதித்தார்கள். அப்போதும் அது மறைமாவட்டம்தான்.

இங்கிலாந்து மக்கள் தங்கள் பழைய மொழியில் சிறிய பங்குப் பகுதிக்கு வைத்திருந்த பெயர்களுள் ஒன்று ஷ்ரிப்ட்-ஷைர். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவின் வட்டாரம் என்பது அதன் பொருள். எவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறாயோ அவருடைய எல்லையே உன் எல்லை! பிரெஞ்சு மொழி பேசும் நார்மானியர் 1066-ல் நாட்டைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொல்லான பருவாஸ் உள்ளே வந்தது. 1300-ஐ ஒட்டி பேரிஷ் என்ற ஆங்கில உருவம் எழுத்தில் நிலைபெற்றது. எனக்கு அந்தப் பழைய பெயர் போனதில் சற்று வருத்தமே. 1215-ல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், ஆண்டுக்கொரு முறையாவது தன் சொந்தக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டபோது அதே கருத்தைத்தான் சட்டமாக்கியது. 1563-ல் திரெந்து பொதுச்சங்கம், மக்களைத் தெளிவான பங்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நிலையான ஒரு குருவைத் தர வேண்டும் என்றது. திருமணம் பங்குக் குருவின் முன்னிலையில், சாட்சிகளோடு நடந்து பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்றதும் அதே சங்கமே.

பதிவேட்டில் இங்கிலாந்து சிறிது முந்திக்கொண்டது. உரோமையோடு உறவை முறித்துவிட்ட எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், 1538-ல் ஒவ்வொரு பேரிஷிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் எழுத ஒரு புத்தகம் வைக்க வேண்டும் என்றும், அதை இரட்டைப் பூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். புது வரிக்கு அடிபோடுகிறார்கள் என்று மக்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் பயந்தது அப்போது நடக்கவில்லை. ஆனால் பேரிஷ் என்ற சொல் அன்றிலிருந்து அரசாங்கத்தின் கைக்குள் போகத் தொடங்கியது.

அடுத்து நடந்ததைத்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் துறவு மடங்கள் மூடப்பட்டன. மடத்து வாசலில் சோறு வாங்கியவர்கள் எங்கே போவார்கள்? 1598-லும் 1601-லும் எலிசபெத் அரசி காலத்தில் இயற்றிய சட்டங்கள், ஏழைகளைக் காப்பது அந்தந்தப் பேரிஷின் பொறுப்பு என்றன. வீடு நிலம் உள்ளவர்களிடம் ஏழை வரி தண்ட வேண்டும்; கோயில் நிர்வாகிகளும், அவர்களோடு நியமிக்கப்படும் ஏழைகள் மேற்பார்வையாளரும் அதைப் பகிர்ந்து தர வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஐரோப்பாவில் ஒரு நாடு முழுவதற்கும் இப்படிக் கட்டாயமான ஏற்பாடு அன்று அபூர்வம். வேலையிழந்தவன், விதவை, அனாதைப் பிள்ளை ஆகியோர் பிழைக்க வழியின்றிப் போவதைப் பேரிஷின் மேல் போதல் என்றே ஆங்கிலத்தில் சொல்லலானார்கள். ஆலிவர் ட்விஸ்ட் கதையை டிக்கன்ஸ் 1837-ல் தொடராக எழுதத் தொடங்கியபோது, பேரிஷ் பையனின் பயணம் என்று அதற்குத் துணைத் தலைப்பு வைத்தார். அந்தப் பேரிஷ் பையன் பீடச் சிறுவன் அல்ல; வரிப்பணத்தில் வளர்ந்த அனாதை.

வரி கட்டுகிறவன் உடனே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எங்கள் பணத்தில் எங்கள் ஏழைக்குச் சோறு, சரி, அடுத்த ஊர் ஏழைக்கு எதற்கு? 1662-ல் அதற்கும் சட்டம் வந்தது. ஆண்டுக்குப் பத்துப் பவுனுக்குக் குறைந்த மதிப்புள்ள வீட்டில் குடியேறும் வெளியூர்க்காரன் நாளை பேரிஷுக்குப் பாரமாவான் என்று மேற்பார்வையாளர்கள் நினைத்தால், அவன் வந்த நாற்பது நாளுக்குள் முறையிட்டு, இரண்டு மாஜிஸ்ட்ரேட்டுகளின் ஆணை பெற்று, அவனுடைய பழைய பேரிஷுக்கே திருப்பி அனுப்பலாம். அவன் பிச்சை கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்கக்கூடும் என்ற சந்தேகமே போதும்.

அதன் விளைவுகளைப் படிக்கும்போது மனம் பதைக்கிறது. திருமணமாகாத பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை எந்த எல்லைக்குள் பிறக்கிறதோ அந்தப் பேரிஷின் பொறுப்பு என்பது விதி. ஆகவே கர்ப்பிணிகளைப் பேறுகாலத்திற்குமுன் எல்லை தாண்டி விட்டுவிடுவதில் அதிகாரிகள் மும்முரம் காட்டினார்கள். மணமாகாத வேலைக்காரன் ஓர் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் வேலைக்கு அமர்ந்தால் அங்கே உரிமை பெறுவான் என்றொரு விதி; ஆகவே ஐம்பத்தொரு வாரத்திற்கு மட்டும் வேலைக்கு வைத்து, கணக்கு முடித்து அனுப்பும் முதலாளிகள் கிளம்பினார்கள். உதவி பெறுகிறவர்கள் பி என்ற எழுத்தையும் தங்கள் பேரிஷ் பெயரின் முதல் எழுத்தையும் சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டி வலது தோளில் தைத்துக்கொள்ள வேண்டும் என்று 1697-ல் விதித்தார்கள். அந்த விதி 1810-ல்தான் நீங்கியது. பொருளாதார மேதை ஆடம் ஸ்மித் 1776-ல் வெளியிட்ட தம் பெரிய நூலில் இந்தக் குடியிருப்புச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். 1795-ல் திருத்தம் வந்து, உண்மையிலேயே உதவி கேட்டவர்களை மட்டுமே வெளியேற்றலாம் என்றாயிற்று.

அந்நியன் தங்குமிடம் என்று பிறந்த சொல், அந்நியனை வெளியே தள்ளும் எல்லைக்கோட்டின் பெயராக மாறிவிட்டது. இதைவிட வேடிக்கையும் வேதனையுமான மாற்றம் ஒரு சொல்லுக்கு நேர்ந்து நான் அறிந்ததில்லை.

எல்லையை மறக்காமலிருக்க அவர்கள் செய்த ஏற்பாடும் உண்டு. ஆண்டவர் விண்ணேற்ற விழாவை ஒட்டிய நாட்களில் குருவும் மக்களும் பவனியாகப் பேரிஷ் எல்லையைச் சுற்றி வருவார்கள். எல்லைக் கற்களைப் பிரம்பால் அடிப்பார்கள். சில ஊர்களில் சிறுவர்களையே தூக்கிக் கல்லின்மேல் மோதுவார்கள். வயதான பிறகும் இடம் மறக்காதாம்! பயிருக்கு ஆசி கேட்டு மன்றாட வைத்த பவனி சர்வே வேலைக்கும் பயன்பட்டது.

நம்மவர் நிலையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அங்கிருந்த கத்தோலிக்கர்களுக்கு அன்று பேரிஷ் இல்லை. 1753-ல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி, யூதர்களையும் குவேக்கர் சபையாரையும் தவிர எல்லாரும் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் மணம் முடிக்க வேண்டும். எனவே கத்தோலிக்கத் தம்பதிகள் மனச்சாட்சிக்கு ஒரு தடவை, சட்டத்திற்கு ஒரு தடவை என இருமுறை வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். 1836-ம் ஆண்டுச் சட்டம் இந்தத் தொல்லையைத் தீர்த்தது.

1834-ல் பல பேரிஷ்களை ஒன்றிணைத்து ஏழைகளுக்கு வேலை இல்லங்கள் அமைத்தார்கள். 1894-ல் கிராமப்புறங்களில் தேர்தல் நடத்திப் பேரிஷ் கவுன்சில்கள் ஏற்படுத்தினார்கள். அதோடு கோயிலின் பேரிஷ் வேறு, ஊராட்சியின் பேரிஷ் வேறு என்றாயிற்று. இங்கிலாந்தில் பேரிஷ் கவுன்சில் உறுப்பினர் என்று ஒருவர் சொன்னால் அவரைப் பக்திமான் என்று எண்ணிவிட வேண்டாம். நம் பஞ்சாயத்து உறுப்பினரைப் போல, தெருவிளக்கும் பூங்காவும் அவர் கவலை.

கடல் கடந்தும் இச்சொல் போயிற்று. அமெரிக்காவின் மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் கவுண்டி என்று சொல்வதை லூசியானா மாநிலம் பேரிஷ் என்கிறது. பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் ஆண்ட காலத்துப் பங்கு எல்லைகளின் வழியாக 1807-ல் பத்தொன்பது பேரிஷ்கள் அமைந்தன. இன்று அறுபத்து நான்கு. அவற்றில் விண்ணேற்றம் ஒரு மாவட்டம், தேவமாதாவின் விண்ணேற்பு இன்னொரு மாவட்டம்! பார்படோஸ் தீவில் பதினொரு பேரிஷ்கள். போர்ச்சுக்கலில் மிகச் சிறிய அரசுப் பிரிவுக்குப் பிரெகேசியா என்று பெயர். திருச்சபையின் மகன் என்னும் லத்தீன் தொடரிலிருந்து வந்தது. அதோடு ஒட்டிய பிரெகேஸ் என்ற சொல்லுக்குப் பங்கைச் சேர்ந்தவன் என்றும், கடைக்கு வாடிக்கையாய் வருபவன் என்றும் இரண்டு பொருள். கோயிலுக்கு வாடிக்கையாளராய் மட்டும் வருகிறவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள் போலும்.

யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் ஆண்டபோது கோயில் வாரியாக ஊர்களைப் பிரித்தார்கள். பின்வந்த டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அப்பிரிவையே கணக்குக்கு வைத்துக்கொண்டார்கள். தமிழில் கோயிற்பற்று, ஆங்கிலத்தில் பேரிஷ். ஆகவே அங்குள்ள பழைய காணி உறுதிகளில், தலைமுறை தலைமுறையாய்ச் சைவர்களான குடும்பங்களின் நிலமும் இன்ன பேரிஷைச் சேர்ந்தது என்று எழுதப்பட்டிருக்கும்.

பேரிஷ் என்பதை ஒத்து ஒலிக்கும் பரையா என்ற சொல்லும் ஆங்கில அகராதியில் உண்டு. இரண்டுக்கும் உறவில்லை. அது நம் தமிழிலிருந்து போனது. நம் உடன்பிறப்புகளான ஒரு சமூகத்தின் பெயர். சமுதாயத்தால் தள்ளிவைக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கிலேயர் அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழங்கலானார்கள். பெயர் அவர்களுடையது, தள்ளிவைத்தவர்கள் மற்ற நாம். பி எழுத்தைத் தோளில் தைத்த ஊரைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வடக்கன்குளம் கோயிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து நின்ற சுவர்கள் 1910-ல்தான் இடிக்கப்பட்டன. ஒரே பங்கு, ஒரே பீடம், நடுவில் சுவர். கல்லறைத் தோட்டங்களில் அப்படிப்பட்ட சுவர்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நின்றன.

1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பங்கை மறைமாவட்டத்தின் ஒரு நிலப்பகுதியாக வரையறுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 1983-ல் வெளியான புதிய சட்டத்தின் 515-ம் எண் நிலத்தை முதலில் சொல்லவில்லை. கிறிஸ்தவ மக்களின் குறிப்பிட்ட ஒரு குழுமம் என்கிறது. எல்லை அதற்குப் பிறகுதான் வருகிறது.

இதை நான் இந்த மலரில் எழுதக் காரணம் உண்டு. நம் எல்லைக்குள் உள்ள செங்கற்சூளைகளுக்கு ஜார்க்கண்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் கத்தோலிக்கர் பலர். ஞாயிறு திருப்பலியில் கடைசித் தூணருகே நிற்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜூபிலியை முன்னிட்டுக் குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்கும்போது, கோயில் வரி கட்டாதவர்களின் பெயரை அதில் எழுதலாமா, மழை தொடங்கினால் போய்விடுகிறவர்கள்தானே என்று பங்குப் பேரவையில் ஒரு கேள்வி எழுந்தது. கேட்டவர்கள் நல்லவர்கள், கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறையால் கேட்டார்கள். சட்டத்தின் 102-ம் எண், ஓரிடத்தில் மூன்று மாதம் தங்குகிறவனுக்கு அங்கே தற்காலிக உறைவிடம் உண்டு என்கிறது. 107-ம் எண், அப்படி உறைகிறவனுக்கு அவ்விடத்துப் பங்குக் குருவே சொந்தக் குரு என்கிறது. எங்குமே நிலையான இடமில்லாமல் அலைகிறவனுக்கு? அவன் இன்றைக்கு எங்கே இருக்கிறானோ அங்குள்ள பங்குக் குருவே அவனுக்கும் சொந்தக் குரு. வரியைப் பற்றி இவ்விரு எண்களிலும் ஒரு சொல்லும் இல்லை.

சூளைக் குடும்பங்களின் பெயர்களை எழுதும் பணி உபதேசியாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல்தான் அவர்கள் குடிசைக்குத் திரும்புகிறார்கள். இந்தி பேசத் தெரிந்த இளைஞர்கள் இரண்டொருவர் அவரோடு போய்வர முன்வந்தால் வேலை விரைவில் முடியும். ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் சக்ரீஸ்தியில் பெயர் கொடுக்கலாம்.